குமரி மாவட்ட மலைகளில் ரேடியோ: எது திறந்திருக்கிறது, யாரைக் கேட்பது?

கேட்டவர் மதுரைக்காரர். புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் எடுத்த நான்கு பேர், ஜனவரியில் ஒரு சனி ஞாயிறு குமரி மாவட்டத்துக்கு வந்து ஏதாவது ஒரு மலை உச்சியில் ஆண்டெனா கட்டிப் பேச நினைக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிற வழிக்குறிப்புகளில் ஒன்று அனுமதியே தேவையில்லை என்கிறது, இன்னொன்று ஏறவே கூடாது என்கிறது. எதை நம்புவது? போய் வந்தபின் அடுத்தவர்களுக்கு உதவும்படி எப்படி எழுதிவைப்பது?

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எந்த மலை நல்லது என்று கேட்பவர்கள் வருடத்துக்குப் பத்துப் பேராவது உண்டு. போய் வந்து நிலவரம் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் குலசேகரம் பக்கம் ஒரு குன்றுக்கு, ஒருவர் எழுதிய குறிப்பை அச்சடித்துக்கொண்டு போனேன். படத்தோடு, திருப்பத்துக்குத் திருப்பம் அடையாளத்தோடு எழுதிய அருமையான குறிப்பு. விடிவதற்கு முன்பே அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். ரப்பர் தோட்டத்துக்குள் பால்வெட்டுக்காரர் ஒருவர் நெற்றியில் விளக்கோடு மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். "எங்க மக்கா போறிய? இதுவழி இப்ப விடமாட்டாவ கேட்டியளா. ஒக்கியில மரமெல்லாம் சாஞ்ச பெறவு வேலி போட்டாச்சுல்லா" என்றார். குறிப்பில் இருந்த ஒற்றையடிப் பாதை போன இடத்தில் புதுக்கன்று நட்டுக் கம்பி வேலி அடித்திருந்தது. குறிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் போனது ஒக்கிக்கு முன்னால். 2017 நவம்பர் 30-இல் அடித்த அந்தப் புயலில் இங்கே ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. அதற்குப் பிறகு பல இடங்களில் வேலியும் மாறியது, வழியும் மாறியது. குறிப்பில் தேதி இருந்திருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: ஒக்கிக்கு முன்னாலா, பின்னாலா? தேதி இல்லாததால் கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு கிலோ மூட்டையோடு திரும்பி வந்தோம்.

அன்றிலிருந்து தேதி இல்லாத குறிப்பை நான் வழிக்குறிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மலை அங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மலையின் பெயரைத் தேடுவதற்கு முன்னால், அது யார் கையில் இருக்கிறது என்று தேடுங்கள். குமரி மாவட்டத்தில் மலை என்றால் பெரும்பாலும் காடு, இல்லையென்றால் தோட்டம், இல்லையென்றால் கோயில். ஒரே மலையில் அடிவாரம் தோட்டமாகவும் நடு காடாகவும் உச்சி கோயிலாகவும் இருப்பதும் உண்டு. அப்போது மூன்று இடத்தில் கேட்க வேண்டியதுதான். அடிவாரத்து நிலம் பட்டாவா புறம்போக்கா வனத்துறையுடையதா என்ற சந்தேகம் வந்தால், அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

காடு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மாவட்டத்தின் வடகிழக்கில் தெரிகிற உயரமான மலைகள் எல்லாம் ஏறக்குறைய கன்னியாகுமரி வன உயிரின சரணாலயத்துக்குள் வந்துவிடும். 2008-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று கட்டுப்படுத்துகிறது. 28-ஆம் பிரிவு, ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதி கொடுக்கலாம் என்கிறது. ரேடியோ பேசுவது என்று அந்தப் பட்டியலில் தனியாக ஒன்றும் இல்லை. ஆகவே நீங்கள் கேட்பது நுழைவு அனுமதி. உள்ளே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதவேண்டும். மலையேற்றம் என்று மட்டும் எழுதிவிட்டு உள்ளே போய்ப் பத்து மீட்டர் கம்பு நட்டால், அடுத்து வருகிற ஹாமுக்கு அந்த அலுவலகத்தில் வாசலோடு பதில் கிடைக்கும். கேட்கவேண்டிய இடம் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகம். களத்தில் பதில் சொல்பவர்கள் அந்தந்த வனச்சரகத்துக்காரர்கள். வேளிமலைக்கு ஒரு சரகம், கீரிப்பாறைப் பக்கம் வேறு, களியல் பக்கம் வேறு. ஒரு சரகத்தில் கேட்டது இன்னொரு சரகத்துக்குச் செல்லாது.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. அதற்கு முன்பு எழுதப்பட்ட 'வாட்சரிடம் சொல்லிவிட்டுப் போகலாம்' வகைக் குறிப்புகளை அப்படியே தள்ளிவிடுங்கள். 2024 அக்டோபரில் அரசு ட்ரெக் தமிழ்நாடு என்று ஒரு திட்டம் தொடங்கியது. வழிகாட்டியோடு, முன்பதிவு செய்து, குறிப்பிட்ட பாதைகளில் போகலாம். ரேடியோவுக்கு அது அவ்வளவு பொருந்தாது. கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு இறங்கவேண்டும், உச்சியில் இரண்டு மணி நேரம் உட்கார விடமாட்டார்கள். ஆனால் ஒரு பயன் இருக்கிறது. எந்தப் பாதை இப்போது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை அதன் முன்பதிவுப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். அங்கே ஒரு பாதை மூடியிருந்தால், பக்கத்து மலைக்கு உங்களுக்கு மட்டும் தனியாகத் திறக்கமாட்டார்கள்.

இன்னொரு உள்ளூர்க் கணக்கும் உண்டு. செய்தித்தாளில் 'திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை' என்று வந்தால் அன்றைக்கு மேலே மழை என்று அர்த்தம். காளிகேசமும் அடைத்திருப்பார்கள், கோதையாற்றுப் பக்கம் ஓடை தாண்டவும் முடியாது. இந்த ஒரு வரிச் செய்தி எனக்குப் பலமுறை பெட்ரோல் மிச்சப்படுத்தியிருக்கிறது.

மகேந்திரகிரி எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். 1,600 மீட்டருக்கு மேல் உயரம், வரைபடத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். விட்டுவிடுங்கள் தம்பி. அந்தப் பக்கச் சரிவு திருநெல்வேலி மாவட்டம், அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். அந்த வட்டாரத்தில் ஆண்டெனாவும் பேட்டரியும் மூட்டை கட்டிக்கொண்டு அலைவது நல்ல யோசனை இல்லை. காட்டுக்குள்ளே இருக்கிற முத்துக்குழிவயலையும் விட்டுவிடுங்கள், படங்களைப் பார்த்து ரசிக்கலாம்.

உயரமே வேண்டியதில்லை என்பது என் கட்சி. இரண்டு மீட்டர் அலைவரிசையில், அதாவது 144 மெகாஹெர்ட்ஸ் பக்கம், பேச எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 100 மீட்டர் குன்றுக்கு 41 கிலோமீட்டர். 400 மீட்டருக்கு 82. நான்கு மடங்கு ஏறினால் இரண்டு மடங்குதான் லாபம். எதிர்முனையில் இருப்பவரும் உயரத்தில் இருந்தால் அவருடைய தூரமும் இதோடு சேரும். நம் ஊரில் மூன்று பக்கம் கடல், மறைக்க ஒன்றும் இல்லை. காற்று அசையாத தெளிந்த நாட்களில் கடல்மேல் அலை வழுக்கிக்கொண்டு போவதும் உண்டு. கொழும்பு இங்கிருந்து சுமார் 280 கிலோமீட்டர்தான். மறைப்பது வடகிழக்கில் நிற்கும் மலைத்தொடர். திருநெல்வேலிக்காரரோடு நேராகப் பேசவேண்டுமானால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேராக உட்காரும்படி இடம் பார்க்கவேண்டும். 7 மெகாஹெர்ட்ஸ் போதும் என்றால், அந்த அலை வானத்தில் பட்டுத் திரும்பி வருவது, உயரம் கிட்டத்தட்ட அலங்காரம். தோட்டத்து மேட்டிலேயே கம்பியை விரித்துவிட்டுப் பேசலாம்.

ஆக, சரணாலயத்துக்கு வெளியே இருக்கிற குன்றுகளைப் பாருங்கள். எங்கள் ஊரில் இவற்றைப் பொற்றை என்போம். மருந்துவாழ்மலை அடிவாரத்து ஊருக்குப் பெயரே பொற்றையடி. அந்த மருந்துவாழ்மலைதான் புதியவர்களுக்கு நான் சொல்வது. கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் வரும் சாலையிலிருந்தே தெரியும். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பார்கள். மேலே இருக்கும் பிள்ளைத்தடம் குகையில் ஸ்ரீ நாராயண குரு தவம் செய்திருக்கிறார். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முப்பந்தல் காற்றாலைகள். ஆனால் இது பக்தர்கள் ஏறுகிற மலை, இதை மறக்கக்கூடாது. கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் அங்கே ரேடியோவுக்கு இடமே இல்லை. மற்ற நாட்களிலும் படியை, குகை வாசலை, கோயில் சுவரை விட்டு விலகிப் பாறை ஓரமாகத்தான் உட்காரவேண்டும். வருகிற வாரத்தில் நிலவரம் என்ன என்பதை அடிவாரத்துக் கோயில்காரர்களிடமும் கடைகளிலும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். குரங்கு உண்டு, ஆண்டெனாவுக்குப் போகும் கோக்ஸ் கேபிளை வாழைத்தண்டு என்று நினைக்கிறதோ என்னவோ, விடாது.

சிதறால் மலை ஏறுவதற்குச் சுகம், கல் பாவிய பாதை. ஆனால் மேலே இருப்பது 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சின்னம், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே கம்பு நடுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கைக்கருவியை வைத்துக்கொண்டு நின்று பேசுவதுகூட, காவலரிடம் சொல்லிவிட்டுத்தான். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் ஒரு குன்று இருக்கிறது, திருவிதாங்கூர்ப் படையின் டச்சுத் தளபதி டிலனாய் கல்லறை இருக்கிற அதே கோட்டை. இப்போது வனத்துறையின் பூங்கா. நுழைவுச்சீட்டும் நேரமும் உண்டு. குடும்பத்தோடு வந்தால் நல்ல இடம்.

சோட்டா கணக்கில் புள்ளி எடுக்கவேண்டும் என்று நினைத்தால் கொஞ்சம் கவனம். சம்மிட்ஸ் ஆன் தி ஏர் என்று 2002-இல் பிரிட்டனில் தொடங்கிய, மலை உச்சியிலிருந்து பேசும் ஹாம்களுக்குப் புள்ளி தரும் திட்டம் அது. பெரும்பாலும் சுற்றிலும் 150 மீட்டராவது இறங்கி நிற்கிற உச்சிகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். உதயகிரிக் குன்று 260 அடிதான், தேறாது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் இருந்து பேசவேண்டும். கடைசி ஏற்றம் வண்டியில் கூடாது, ஜெனரேட்டர் கூடாது, தரை ரிப்பீட்டர் (பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசினது சேராது. புள்ளி கிடைக்க நான்கு தொடர்பு. சட்டப்படியான வழியில் போனால்தான் செல்லும் என்பதும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. வேலி தாண்டி எடுத்த புள்ளி புள்ளியே இல்லை.

உங்களுக்குக் கிடைக்கிற குறிப்புகளில் பாதிக் குழப்பம் பெயரால் வருவது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த சீமை. பழைய வரைபடத்தில் மலையாள உச்சரிப்பில் ஒரு பெயர், ஆங்கில எழுத்தில் இன்னொன்று, ஊரார் வாயில் மூன்றாவது. மருந்துவாழ்மலையையே மருத்துவாமலை என்றும் மருத்வமலை என்றும் எழுதுவார்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வேறு மலைக்குப் போய் நிற்பீர்கள். உச்சியின் அட்சரேகை தீர்க்கரேகையையும், பேருந்து நிற்கிற அடிவாரத்து ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது, யாரும் குறிப்பில் எழுதாத விஷயம்: நம்மைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது. கடலோர மாவட்டம். கம்பு, கம்பி, கறுப்புப் பெட்டி, காதில் ஹெட்போன், புரியாத எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நான்கு வெளியூர்க்காரர்கள். ஊரார் போலீசுக்குப் போன் செய்தால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? எங்களுக்கும் ஒருமுறை நடந்தது. 'மலைமேல வயர்லெஸ் வச்சுப் பேசுதாவ' என்று யாரோ சொல்ல, இரண்டு காவலர்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். உரிமத்தைக் காட்டினோம், கேள்வி கேட்டார்கள், ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் அவர்களில் இளையவர் கொச்சியோடு ஒரு வார்த்தை பேசிப்பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முதல் நாளே ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுகிறேன். பெயர், கால்சைன் (ஹாமின் அழைப்புக்குறி), தேதி, நேரம், இடம், உரிமத்தின் நகல். உங்கள் உரிமத்தில் உங்கள் நிலையத்தின் முகவரி இருக்கும். அதற்கு வெளியே இயக்குவது பற்றிய நிபந்தனையைக் கிளம்புவதற்கு முன் படித்துவிடுங்கள்.

ஜனவரி நல்ல தேர்வுதான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று சும்மா விடாது. அத்தனை காற்றாலை அங்கே எதற்கு நிற்கிறது? ஃபைபர் கம்பு வில்லாக வளையும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஈரப் பாறை, காட்டோரம் அட்டை, இடி வேறு. இடி முழக்கம் கேட்டால் ஆண்டெனாவை இறக்கிவிட்டு நீங்களும் இறங்குங்கள். பிப்ரவரியிலேயே காட்டுத்தீ பயத்தில் வனத்துறை கதவை மூட ஆரம்பிக்கும். இடையில் கிடைப்பது இந்தச் சில வாரங்கள்தான்.

இப்போது எழுதிவைப்பது பற்றி. நல்ல குறிப்பு அழகாக இருக்கவேண்டியதில்லை. என் நோட்டிலிருந்து ஒன்று, மலையின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு:

"2025 பிப்ரவரி 8, சனி. மூன்று பேர். அடிவாரம் வரை தோட்டத்து மண் சாலை. கேட் காலை 6-க்குத் திறந்திருந்தது, மாலை 5-க்குப் பூட்டுவதாகக் காவலாளி சொன்னார். தோட்ட மேலாளரிடம் முந்தைய புதன் நேரில் கேட்டு, எழுத்தில் அனுமதி. இரண்டாவது ஓடைக்கு மேல் வன எல்லைக் கல். நாங்கள் அதைத் தாண்டவில்லை. உச்சி எல்லைக்கு உள்ளே, ஆகவே உச்சிக்குப் போகவில்லை. 40 நிமிட ஏற்றம். செல்போன் சிக்னல் பாதிவரை. கேட்டில் வண்டி நிறுத்தக்கூடாது, பள்ளிக்கூடத்தருகே நிறுத்தினோம். கடைசிப் பேருந்து 6.10 என்றார்கள்; நாங்கள் சோதிக்கவில்லை."

கவனித்தீர்களா, இதில் நான் கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, சோதிக்காதது மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. பெரும்பாலான குறிப்புகள் கெட்டுப்போவது இந்த மூன்றும் கலந்துவிடுவதால்தான். 'அனுமதி தேவையில்லை' என்று எழுதுகிறவரைத் தோண்டிக் கேட்டால், 'எங்களை யாரும் தடுக்கவில்லை' என்பார். ஞாயிறு அதிகாலையில் யார் வந்து தடுப்பார்கள்? இரண்டும் ஒன்றல்ல.

யாரிடம் அனுமதி கேட்டீர்கள் என்பதைப் பதவியோடு எழுதுங்கள், ஆளின் பெயரும் போன் எண்ணும் வேண்டாம். ஒரு காவலாளி உங்கள் மேல் இரக்கப்பட்டு விட்டார் என்றால் அதையும் எழுதாதீர்கள். அதைப் படித்துவிட்டு இருபது பேர் வந்தால் அவருக்கு வேலை போகும். ஜிபிஎஸ் தடத்தை அப்படியே ஏற்றுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. தடம் தேதி சொல்லாது, பூட்டு சொல்லாது, பருவம் சொல்லாது; அடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டின்மேல் நடப்பார். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் இருக்கும் இடங்கள் வழியாகப் போகிற தடம் என்றால் கண்டிப்பாகக் கூடாது. அது அவர்கள் வீட்டு முற்றம்.

பழைய குறிப்பை அழிக்காதீர்கள். அதன் கீழேயே புதிய தேதியோடு ஒரு வரி சேருங்கள். 2019-இல் திறந்திருந்தது, 2022-இல் கேட் வந்தது, 2024-இல் எழுத்தில் கேட்டால் கொடுக்கிறார்கள் என்று வரிசையாக இருந்தால், படிக்கிறவருக்கு அந்த மலையின் குணமே தெரிந்துவிடும். இரண்டு வருடமாக யாரும் வரி சேர்க்கவில்லை என்றால், பூட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பிப்பது என் வழக்கம்.

திரும்பி வந்த பயணத்தைத்தான் முதலில் எழுதவேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெற்றிகரமாகப் பேசி வந்தவர் எத்தனை நாடு பிடித்தேன் என்று எழுதுவார். கேட்டில் திரும்பியவர் எழுதும் இரண்டு வரிதான் அடுத்த வாரம் வருகிறவரின் ஒரு நாளைக் காப்பாற்றும். அன்றைக்கு என் கையில் அப்படி இரண்டு வரி இருந்திருந்தால் அந்தப் பால்வெட்டுக்காரர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

உங்கள் நான்கு பேருக்கு என் யோசனை: சனிக்கிழமை மருந்துவாழ்மலை, ஞாயிறு கோட்டையில் வேடிக்கை. வியாழக்கிழமையே நாகர்கோவில் வன அலுவலகத்தில் நிலவரத்தை ஒருமுறை கேளுங்கள், காவல் நிலையத்துக்கான கடிதம் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே போய் மூன்று பேர் கிடைத்து நாலாவது ஆள் கிடைக்கவில்லை என்றால் இரண்டு மீட்டரில் கூப்பிட்டுப் பாருங்கள். பத்து மணி வரை மொட்டைமாடியில்தான் இருப்பேன்.